கைகோத்த படம் போதாது: 17-ஆவது இலக்கை ஏழாம் வகுப்புக்குச் சொல்லும் வழி

நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகள் பதினேழையும் பள்ளியில் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு வந்தது கடைசி இலக்கு, 'இலக்குகளுக்கான கூட்டாண்மை'. பசி, குடிநீர், கடல் என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது, இது மட்டும் பிடிபடவில்லை. போஸ்டர் வரையச் சொன்னால் பூமி உருண்டையைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் பிள்ளைகளையே எல்லாரும் வரைந்து வருகிறார்கள். வேறு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்கிறார்.

பிள்ளைகள் வரைந்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் படத்தில் யாருக்கும் செலவில்லை, யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, யாருக்கும் யார் மேலும் சந்தேகம் இல்லை. பிடி கிடைக்காததற்குக் காரணம் அதுதான். யார் எவ்வளவு தருவது, யார் முதலில் நிறுத்துவது, சொன்னதைச் செய்தார்களா என்று யார் பார்ப்பது, இவற்றுக்கெல்லாம் உட்கார்ந்து பேசிப் பதில் எழுதி வைத்த இடங்களில்தான் நாடுகளின் ஒத்துழைப்பு நிலைத்திருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் புதியவை என்றா நினைக்கிறீர்கள்? "அவன்தானே கொட்டினான், நான் ஏன் துடைக்கணும்?" என்று வீட்டில் தினமும் கேட்கிற பிள்ளைகள் அவர்கள். பதினேழு இலக்குகளில் அவர்களுக்கு மிகச் சீக்கிரம் பிடிபடக்கூடியது இதுதான் என்பேன்.

உங்களுக்கு மட்டும் கொஞ்சம் பின்னணி. 2015 செப்டம்பர் 25 அன்று ஐ.நா. சபையில் 193 நாடுகள் இந்த 17 இலக்குகளை ஏற்றன. இவற்றுக்குள் 169 உட்குறிக்கோள்கள் இருக்கின்றன, 17-ஆவது இலக்கில் மட்டும் 19. நிதி, தொழில்நுட்பம், பயிற்சி, வணிகம், புள்ளிவிவரம் என்று அவை போகும். அந்தப் பட்டியலை வகுப்பில் வாசிக்காதீர்கள், கரும்பலகையிலும் எழுதிப் போடாதீர்கள். இந்த ஐந்தும் சேர்ந்து வேலை செய்த ஓர் ஒப்பந்தத்தை எடுத்து, பிள்ளைகள் முன்னால் பிரித்துக் காட்டுங்கள். பல ஆண்டுகளாகப் பள்ளி அறிவியல் மன்றங்களில் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். இதற்கு ஓசோன் படலத்தைக் காத்த மாண்ட்ரியல் ஒப்பந்தத்தைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் நாள் பாடமே வேண்டாம், வீட்டுவேலை மட்டும் கொடுங்கள். ஃப்ரிட்ஜின் பின்பக்கத்திலோ உள்சுவரிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் 'ரெஃப்ரிஜரன்ட்' என்ற சொல்லுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக் குறித்து வரச் சொல்லுங்கள். எல்லார் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இருக்காது. அதனால் ஐந்தாறு பேர் சேர்ந்த குழுவாகப் பிரித்து, தெருமுனைக் கடை, பேக்கரி, மருந்துக்கடை என்று எங்கே வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். யாரும் கூசிப்போக வேண்டியிருக்காது. மறுநாள் பலகையில் பெரும்பாலும் ஆர்-600ஏ, ஆர்-134ஏ என்ற இரண்டும் வரும். ஏ.சி.யைப் பார்த்து வந்த குழு ஆர்-32, ஆர்-410ஏ, பழைய பெட்டியாக இருந்தால் ஆர்-22 என்று எழுதும். மெக்கானிக் வந்து "கேஸ் போயிடுச்சு, ஏத்தணும்" என்கிறாரே, அந்த கேஸின் பெயர்கள் இவை. ஒரே குளிர்ச்சிக்கு ஏன் இத்தனை எண்கள், பழைய பெட்டியில் ஒன்றும் புதிய பெட்டியில் வேறொன்றும் ஏன் என்று கேட்டு, அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த வகுப்பில் கதை. ஆரம்ப கால ஃப்ரிட்ஜுகளில் அமோனியாவும் சல்ஃபர் டை ஆக்சைடும் ஓடின, கசிந்தால் வீட்டிலிருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் சி.எஃப்.சி. (குளோரோஃபுளோரோகார்பன்) வாயுவைக் கொண்டுவந்தார்கள். தீப்பிடிக்காது, நச்சில்லை, வாடையில்லை. எல்லாரும் கொண்டாடினார்கள், கொண்டாடியதில் நியாயமும் இருந்தது. இந்த இடத்தை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். சுற்றுச்சூழல் கதை என்றாலே பிள்ளைகள் வில்லனைத் தேடுவார்கள். இங்கே கெட்ட எண்ணத்தோடு தொடங்கியவர் யாருமில்லை.

1974-இல் கலிஃபோர்னியாவில் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எதோடும் சேராத இந்த வாயு கடைசியில் எங்கே போகும்? மேலே, சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கும் ஓசோன் படலத்துக்குப் போகும். அங்கே புற ஊதாக் கதிரில் உடைந்து குளோரினை விடும். ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள்வரை அழிக்கும். இதைச் சொல்லிவிட்டு ஒரு ஸ்கேலை எடுத்து 3 மில்லிமீட்டரைக் காட்டுங்கள். தலைக்கு மேலே இருக்கும் ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து இங்குள்ள காற்றழுத்தத்தில் பரப்பினால் அவ்வளவுதான் கனம் வரும். அது மெலிந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் கூடும், பயிரும் கடல் நுண்ணுயிர்களும் பாதிக்கப்படும். "இப்ப வெயில் கொளுத்துறது அந்த ஓட்டை வழியாவா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். ஓசோன் ஓட்டை வேறு, பூமி சூடாவது வேறு என்று அங்கேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள். பெரியவர்களே குழப்பிக்கொள்ளும் இடம் இது.

கணக்கு காகிதத்தில் இருந்தவரை வாக்குவாதம் ஓயவில்லை. 1985-இல் பிரிட்டனின் அண்டார்க்டிகா ஆய்வுக்குழுவைச் சேர்ந்த ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும், ஹாலி என்ற பனிக்கட்டி நிலையத்தில் 1950-களிலிருந்து எடுத்து வந்த அளவுகளை வெளியிட்டார்கள். அக்டோபர் மாத ஓசோன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஓசோன் ஓட்டை என்பது இதைத்தான். அவர்கள் கையில் இருந்தது டாப்ஸன் நிறமாலைமானி. நம் கொடைக்கானலிலும் அதே வகைக் கருவியை வைத்து ஓசோனை அளந்திருக்கிறார்கள். யாரும் கவனிக்காத இடங்களில் ஆண்டுக்கணக்காக ஒரே முறையில் ஒரே எண்ணைக் குறித்து வைப்பதும் ஒத்துழைப்பில் ஒரு பங்கு. பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். பேச்சுப் போட்டியில் யாரும் இதைச் சொல்வதில்லை.

இனி விளையாட்டு. இதற்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள், குறைத்தால் கெட்டுவிடும்.

வகுப்பை ஐந்து மேசையாகப் பிரியுங்கள். முதல் மேசை பணக்கார நாடுகள்: பல பத்தாண்டுகளாக இந்த வாயுவைப் பயன்படுத்தியவர்கள், வானத்தில் சேர்ந்ததில் பெரும்பங்கு இவர்களுடையது. இரண்டாவது மேசை இந்தியாவும் சீனாவும்: அன்றைக்கு உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஆனால் பயன்படுத்தியது சொற்பம், இப்போதுதான் வீடுகளுக்கு ஃப்ரிட்ஜ் வரத் தொடங்கியிருக்கிறது. மூன்றாவது மேசை வாயுவைத் தயாரிக்கும் கம்பெனிகள். நான்காவது மேசை சிலி நாட்டின் தென்கோடியில் இருக்கும் புன்டா அரேனாஸ் ஊர்க்காரர்கள்: ஓட்டை விரியும் பருவத்தில் அதன் விளிம்பு இவர்கள் தலைக்கு மேல் வரும், வாயுவை இவர்கள் பெரிதாகப் பயன்படுத்தியதும் இல்லை. ஐந்தாவது மேசை விஞ்ஞானிகள்: அளந்ததை மட்டும் சொல்லலாம், ஓட்டு கிடையாது. ஒவ்வொரு மேசைக்கும் நாலு வரியில் ஒரு சீட்டு கொடுங்கள். பாடவேளை முடிவதற்குள் எல்லாரும் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு பக்கம் எழுதியாக வேண்டும். ஒரு மேசை எழுந்து போனாலும் ஓட்டை அடையாது.

அனேகமாக எல்லா வகுப்பிலும் முதலில் வருவது, "எல்லாரும் ஒரே தேதியில் நிறுத்திவிடலாம்" என்ற யோசனைதான். கேட்க நியாயமாகத் தெரியும். இரண்டாவது மேசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "நீங்க அம்பது வருஷம் ஜில்லுனு குடிச்சீங்க, நாங்க இப்பதான் வாங்குறோம்" என்று சொல்லும்வரை பொறுத்திருங்கள், நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கியம் பிள்ளை வாயிலிருந்து வந்துவிட்டால் இந்த இலக்கின் பாதியைச் சொல்லிக் கொடுத்தாயிற்று. பிறகு "அப்படின்னா காசு கொடுங்க" என்பார்கள். முதல் மேசை, "கொடுத்தா அதுக்குத்தான் செலவு பண்ணுவீங்கன்னு எப்படி நம்புறது?" என்று திருப்பும். கம்பெனி மேசை, "மாத்து வாயு கண்டுபிடிக்க எங்களுக்கு நாள் வேணும்" என்று பிடிவாதம் பிடிக்கும். சத்தம் கூடும், கூடட்டும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.

அவர்கள் எழுதிய பக்கத்தைச் சுவரில் ஒட்டிய பிறகே உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள். வரிசை முக்கியம். தாங்கள் முட்டி மோதிய இடத்துக்கு உலகம் என்ன பதில் எழுதியது என்று தெரிந்துகொள்ள அப்போது காது கொடுப்பார்கள்.

1987 செப்டம்பர் 16 அன்று கனடாவின் மாண்ட்ரியலில் கையெழுத்தான முதல் வடிவம் சி.எஃப்.சி.யை நிறுத்தச் சொல்லவில்லை, பாதியாகக் குறைக்கத்தான் சொன்னது. அந்த அளவில்தான் உடன்பாடு கிடைத்தது. ஆனால் விஞ்ஞானிகள் அளந்த எண்கள் மாறினால் கெடுவையும் மாற்றலாம் என்று உள்ளேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். 1990-இல் லண்டனில் கூடி 2000-க்குள் அடியோடு நிறுத்துவது என்றும், 1992-இல் கோபன்ஹேகனில் கூடி 1996-க்குள் என்றும் இறுக்கினார்கள். வளரும் நாடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 300 கிராமுக்குக் குறைவாகப் பயன்படுத்திய நாடுகளுக்கு 10 ஆண்டு கூடுதல் அவகாசம். அந்த 300 கிராமைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லுங்கள். 'நியாயம்' என்ற சொல் எடை போட்டுப் பார்க்கக்கூடிய எண்ணாக மாறிய இடம் அது. ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் நாட்டோடு இந்த வாயுக்களை வாங்க விற்கத் தடை என்றும் எழுதினார்கள். அதனால் வெளியே நிற்பதில் லாபம் இல்லாமல் போனது.

பணம்? 1990 லண்டன் கூட்டத்தில் இந்தியாவும் சீனாவும் இன்னும் சேராமல் நின்றன. அப்போது நம் சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி. மாற்றுவதற்கான செலவுக்கும் தொழில்நுட்பத்துக்கும் வழி சொல்லாமல் சேர முடியாது என்பது நம் நிலை. அந்தக் கூட்டத்தில்தான் பலதரப்பு நிதியம் பிறந்தது. முதல் மூன்று ஆண்டுக்கு 16 கோடி டாலர், இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி. சீனா 1991-இல் சேர்ந்தது, இந்தியா 1992-இல். பணம் எங்கே போகிறது என்ற சந்தேகத்துக்கும் பதில் இருந்தது: நிதியத்தை நடத்தும் குழுவில் 14 இடம், 7 பணக்கார நாடுகளுக்கு, 7 வளரும் நாடுகளுக்கு. கொடுப்பவர் மட்டும் முடிவெடுக்க முடியாது, வாங்குபவர் மட்டும் முடிவெடுக்கவும் முடியாது. பிள்ளைகள் எழுதிய பக்கத்தில் இதற்கு ஈடாக ஏதாவது இருக்கிறதா என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். சில வகுப்பில் இருக்கும், அப்போது அந்தக் குழு முகத்தைப் பார்க்க வேண்டும்!

வகுப்பில் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை இருக்கக்கூடும். அந்தப் பிள்ளையைச் சுட்டாமல் இதையும் சொல்லுங்கள். அன்றைய இன்ஹேலர்களில் மருந்தைத் தள்ளியது சி.எஃப்.சி.தான். மாற்று வரும்வரை அதற்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். வளரும் நாடுகளுக்கு 2010 கெடு என்றிருக்க, இந்தியா 2008 ஆகஸ்டிலேயே இன்ஹேலர் நீங்கலாக சி.எஃப்.சி. உற்பத்தியை நிறுத்தியது.

இப்போது பலகையில் இருக்கும் ஆர்-600ஏ-வுக்குத் திரும்புங்கள். இது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் உறவுக்கார வாயு. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரத்து ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்பனில் ஓடும் ஃப்ரிட்ஜைச் செய்து காட்டினார்கள். கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அதைக் கையில் எடுத்து, மூடும் நிலையில் இருந்த ஒரு கிழக்கு ஜெர்மன் தொழிற்சாலையோடு சேர்ந்து 1993-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தொழில்நுட்பத்தைக் காப்புரிமைக்குள் பூட்டி வைக்காமல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டார்கள். ஊர்ப் பேக்கரி ஃப்ரிட்ஜின் ஸ்டிக்கரில் அந்த எழுத்து இருப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. 'தொழில்நுட்பப் பகிர்வு' என்று பாடநூல் வாசகமாகச் சொன்னால் கொட்டாவி வரும். தானே குனிந்து பார்த்து எழுதி வந்த எண்ணின் கதையாகச் சொன்னால் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொல்வார்கள்.

ஆர்-134ஏ, ஆர்-32, ஆர்-410ஏ மூன்றும் எச்.எஃப்.சி. குடும்பம், பழைய வாயுக்களுக்கு மாற்றாக வந்தவை. ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்கும். அதனால் 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் மறுபடி கூடி, அதே ஒப்பந்தத்துக்குள் இவற்றையும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். இந்தியா அந்தத் திருத்தத்தை 2021-இல் ஏற்றது. 2047-க்குள் 85 விழுக்காடு குறைப்பது நம் பங்கு. ஒரு பிரச்சினையின் தீர்வே அடுத்த பிரச்சினையாக வந்து நின்றாலும், ஏற்கெனவே கூடிப் பேசிப் பழகிய மேசை ஒன்று இருந்ததால் அங்கேயே தொடர முடிந்தது.

ஏமாற்றினால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள். அதற்கும் உண்மைக் கதை இருக்கிறது. 2010-க்குப் பிறகு உலகில் எங்கும் புதிதாகச் செய்யக் கூடாத சி.எஃப்.சி.-11, எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்று 2018-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் காற்றை அளந்து கண்டுபிடித்தார்கள். யாரோ திருட்டுத்தனமாகச் செய்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. கொரியாவின் ஜேஜு தீவிலும் ஜப்பானின் ஹடெருமா தீவிலும் இருக்கும் நிலையங்களின் அளவுகளை வைத்து, கூடுதலில் பெரும்பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று 2019-இல் காட்டினார்கள். சீனா நடவடிக்கை எடுத்தது, அளவு மறுபடி இறங்கியதை 2021-இல் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின. வெளியிலிருந்து போலீஸும் போகவில்லை, படையும் போகவில்லை. காற்றை அளந்து எண்ணை எல்லார் முன்னாலும் வைத்தார்கள். இதைச் சொல்லும்போது ஒரு நாட்டு மக்களைப் பற்றிய கேலியாக வகுப்பு திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழியைவிட, கண்டுபிடித்த விதமும் திருத்திக்கொண்டதும் அவர்கள் மனதில் நிற்க வேண்டும்.

இன்றைக்கு இந்த ஒப்பந்தத்தில் 198 தரப்புகள், உலக நாடுகள் அனைத்தும் உள்ளே இருக்கின்றன. அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் 1980-இன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது ஐ.நா. ஆதரவில் விஞ்ஞானிகள் வெளியிட்ட மதிப்பீடு. அப்போது தங்களுக்கு என்ன வயது என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். 1987-இல் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அதைப் பார்க்க மாட்டார்கள் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

நேரம் இருந்தால் இரண்டாவது கதையாகப் பெரியம்மையை எடுங்கள். தாத்தா பாட்டியின் மேல்கையில் அம்மை குத்தின தழும்பைப் பார்த்து வரச் சொல்லலாம். 1970-களின் பிற்பாதிக்குப் பின் பிறந்தவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் காசநோய்த் தடுப்பூசித் தழும்பு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றின் மேல் ஒன்று அணுகுண்டைக் குறிவைத்திருந்த காலம் அது. பெரியம்மையை ஒழிக்கலாம் என்று 1958-இல் உலக சுகாதார சபையில் முன்மொழிந்தவர் சோவியத் நாட்டு விக்டர் ஷ்தானவ், 1967-இல் தீவிரமான திட்டத்தை நடத்த வந்தவர் அமெரிக்கர் டி. ஏ. ஹெண்டர்சன். சோவியத் நாடு கோடிக்கணக்கில் தடுப்பு மருந்தை இலவசமாகக் கொடுத்தது. அமெரிக்காவில் பெஞ்சமின் ரூபின் உருவாக்கிய இரட்டை முனை ஊசிக்கு அவருடைய கம்பெனி உலக சுகாதார நிறுவனத்திடம் உரிமைத்தொகை வாங்கவில்லை. அந்த ஊசியால் மருந்து கால்வாசி போதுமானது, குத்தக் கற்றுக்கொள்வதும் சுலபம். இந்தியாவில் ஊழியர்கள் நோயாளிக் குழந்தையின் படம் போட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டுப் போனார்கள். 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்கா ஊரில் அலி மாவ் மாலின் என்பவருக்கு வந்ததே இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை. 1980 மே 8-ஆம் தேதி ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பிடிக்காதவர்கள்கூட சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை கிடைக்காது. பக்கத்து பெஞ்சோடு பேசாமல் இருக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு, அவர்களுக்கு இது வேறு மாதிரி கேட்கும்.

வெளிநாட்டுப் பள்ளியோடு வீடியோவில் பேச வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் "ஹலோ, உங்க ஊர்ல என்ன சாப்பாடு?" என்பதோடு முடிந்துவிடும். இரண்டு பள்ளி சேர்ந்தால் மட்டுமே முடிகிற ஒரு வேலையைக் கொடுங்கள். பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டாஸ்தனிஸ் பூமியின் சுற்றளவை அளந்த முறை இதற்கென்றே அமைந்தது. கன்னியாகுமரியும் டெல்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. மார்ச் 21 அல்லது செப்டம்பர் 22-ஐ ஒட்டி, இரண்டு ஊரிலும் ஒரே நாளில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நண்பகல் நிழலை அளக்க வேண்டும். கடிகாரப் பன்னிரண்டைப் பார்க்கக் கூடாது. நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் கணக்கு, அது 12.10-க்கும் 12.30-க்கும் நடுவில் வரும். கன்னியாகுமரியில் 14 சென்டிமீட்டர் போல வரும், டெல்லியில் 54 போல. அதிலிருந்து கோணம் கண்டால் வித்தியாசம் 20.5 பாகை சொச்சம், இடைத்தூரம் சுமார் 2280 கிலோமீட்டர். 360-க்குப் பெருக்கிப் பார்த்தால் 40,000 கிலோமீட்டர் கையில் வரும். உங்கள் ஊருக்கு நேர் வடக்கே எந்த ஊர் வருகிறதோ அங்கே ஒரு பள்ளியைப் பிடியுங்கள். குச்சி சாய்ந்திருந்தால் என்ன, நிழலின் முனை மங்கலாக இருந்தால் எந்த இடத்தைக் குறிப்பது, அன்றைக்கு மேகம் வந்தால் என்ன என்று இரண்டு வகுப்பும் முன்கூட்டியே பேசி ஒரே விதியை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு தரப்பு சோம்பலாக அளந்தால் இரண்டு தரப்பின் விடையும் கெடும். இதைவிடக் கண்ணெதிரே காட்ட முடியாது.

சின்ன வகுப்புகளுக்கு இதெல்லாம் பாரம். அவர்களுக்குச் சுனாமிக் கதை ஒன்று போதும். 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அலை நம் கரைக்கும் இலங்கைக்கும் வந்தது, ஆனால் யாரும் சொல்ல வழியில்லாமல் இருந்தது. பசிபிக் நாடுகளுக்கு 1960-களிலேயே கூட்டு எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது, இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. இப்போது இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்புகின்றன, நம் மையம் ஹைதராபாத்தில் இருக்கிறது. கடலோரப் பள்ளி என்றால், அந்த நாளில் யாரையேனும் இழந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருக்கலாம் என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

வெற்றிக் கதைகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், பிள்ளைகள் பொய்யை மோப்பம் பிடிப்பார்கள். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வளர்ச்சி உதவியாகத் தர வேண்டும் என்று 1970-இலேயே ஐ.நா. தீர்மானம் வந்தது. நூறு ரூபாய்க்கு எழுபது பைசா. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்ஸம்பர்க் போல ஒரு கை விரலில் அடங்கும் நாடுகள்தான் அதைத் தொடர்ந்து எட்டியிருக்கின்றன. கொரோனா காலத்தில் ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி பகிர 'கோவாக்ஸ்' திட்டம் வந்தது, 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ் என்றார்கள், அதில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. பணக்கார நாடுகள் முந்திக்கொண்டு வாங்கிக் குவித்தன. அந்த ஆண்டு இரண்டாம் அலை அடித்தபோது இந்தியாவும் ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது, நவம்பரில்தான் கோவாக்ஸுக்கு மறுபடி அனுப்பத் தொடங்கியது. நம் ஊரில் ஆக்சிஜனுக்கு அலைந்த நேரத்தில் அது சரியா தப்பா? ஏழாம் வகுப்பில் இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் நன்றாகப் பேசுவார்கள். நீங்கள் தீர்ப்பு சொல்லாமல் இருந்தால் போதும்.

உண்டியல் வைத்து ஏழை நாட்டுக்குப் பணம் திரட்டும் யோசனையைப் பள்ளியில் யாராவது முன்வைத்தால், தயவுசெய்து இந்தப் பாடத்தோடு அதை முடிச்சுப் போடாதீர்கள். இரக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு பக்கம் எப்போதும் கொடுப்பவர், மறுபக்கம் எப்போதும் வாங்குபவர் என்ற படம் பிள்ளை மனதில் பதிந்துவிட்டால், ஏழுக்கு ஏழு என்று சமமாக உட்கார்ந்த அந்தக் குழுவை அதற்குப் புரிய வைப்பது கஷ்டம்.

கடைசியாக, மதிப்பீடு. 'உலக நாடுகளின் ஒத்துழைப்பின் அவசியம்' என்று கட்டுரை கேட்டால் மறுபடி கைகோத்த படம்தான் எழுத்தில் வரும். அதற்குப் பதிலாக ஒரு சூழலைக் கொடுங்கள்: ஒரே ஆற்றை நம்பி மேலே ஒரு ஊர், நடுவே சாயப்பட்டறை வைத்த ஊர், கீழே விவசாயம் செய்யும் ஊர். மூன்றும் கையெழுத்துப் போடக்கூடிய ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு அவகாசம், செலவில் யார் பங்கு எவ்வளவு, தண்ணீரை யார் எந்த நாளில் எங்கே அளப்பது, அளந்த எண்ணை எந்தச் சுவரில் எழுதிப் போடுவது என்ற நாலுக்கும் பதில் இருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். எழுத்துப்பிழைக்குக் குறைக்க வேண்டாம். கீழூர் பிள்ளை மேலூருக்காகவும் ஒரு வரி எழுதியிருந்தால், அதை வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.